சோறா, குளிசையா: சீனி வருத்தம் என்று தெரிந்த பிறகு எடுக்கும் முடிவு

“குளிசைய ஒருக்காத் துவங்கினா மறுகா விட ஏலாது.” மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோர ஊர்களிலும் சீனி வருத்தம் புதிதாகப் பிடிபட்டவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்பது இந்தச் சொல்லைத்தான். சொல்பவர் மாமியாக இருப்பார், இல்லையென்றால் பத்து வருடமாகக் கிளினிக்குக்குப் போய்வரும் பக்கத்து வீட்டு அண்ணராக இருப்பார். அடுத்த வசனமும் தயாராகவே இருக்கும்: “ஒள்ளுப்பம் சோத்தக் குறைச்சிப் பாருங்க, குறிஞ்சா இலை சுண்டித் தின்னுங்க, தன்பாட்டில குறையும்.” இந்த ஆலோசனையில் பாதி சரி. எந்தப் பாதி யாருக்குச் சரி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

விட முடியாமற் போவது குளிசையால் அல்ல, வருத்தத்தின் போக்கினால். 1977இல் பிரித்தானியாவில் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வொன்றில் புதிதாகச் சீனி வருத்தம் கண்டவர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். முதல் மூன்று மாதம் எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடு மட்டும்தான். அதில் வெறும் வயிற்றுச் சீனி 108க்குக் (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்) கீழே இறங்கியது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு. வருடங்கள் போகப் போக, உணவோடு நின்றவர்களுக்கும் குளிசை எடுத்தவர்களுக்கும் சீனி மெல்ல மெல்ல மேலே ஏறியது. இன்சுலின் சுரக்கும் சதையியின் கலங்கள் ஓய்ந்துகொண்டு போவதே இதற்குக் காரணம். வருத்தம் பிடிபடும் நாளிலேயே அவற்றின் வேலைத்திறனில் பாதியளவு போய்விட்டிருக்கும் என்றும் அதே ஆய்வின் கணக்குச் சொல்லியது. குளிசை இந்தச் சரிவைத் தொடக்கி வைப்பதில்லை. சரிவின்போது சீனியைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லோரும் முதல் நாளே குளிசை விழுங்க வேண்டுமா? இல்லை. உணவோடு மட்டும் மூன்று மாதம் முயன்று பார்க்க உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அது மன உறுதியால் மட்டும் தீர்வதில்லை, கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் எண்ணால் தீர்வது.

எந்த எண், எப்படி எடுத்த எண்

வெறும் வயிற்றில் (குறைந்தது எட்டு மணிநேரம் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லாமல்) 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணிநேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், எச்.பி.ஏ.1.சி. என்ற இரத்தச் சோதனையில் 6.5 வீதம் அல்லது அதற்கு மேல். இவற்றில் ஒன்று, இன்னொரு தரம் உறுதியானால் அது சீனி வருத்தம். தாகம், அடிக்கடி சலம் போதல், காரணமில்லாத மெலிவு இவற்றோடு எழுந்தமானமாக எடுத்த சீனி 200ஐத் தாண்டினால் இரண்டாம் சோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

எச்.பி.ஏ.1.சி. மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. 7 என்றால் சராசரிச் சீனி 154 அளவில், 8 என்றால் 183, 9 என்றால் 212, 10 என்றால் 240. கிளினிக் நாளுக்கு முன் இரண்டு நாள் சோற்றை விட்டு, கஞ்சி குடித்துவிட்டு வந்து வெறும் வயிற்று எண்ணை (எப்.பி.எஸ்.) அழகாகக் காட்டலாம். இந்தச் சோதனையிடம் அது எடுபடாது. ஆனால் இதுவும் ஏமாறும் இடம் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை இருந்தால் உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். தலசீமியா இருந்தாலோ, அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ, சிறுநீரகம் பழுதடைந்திருந்தாலோ எண்ணை அப்படியே நம்ப முடியாது. மாதவிடாயில் இரத்தம் கூடுதலாகப் போகும் பெண்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்பது நல்லது.

நம் பகுதியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைவது. காலையில் 118, மத்தியானம் கோப்பை நிறையச் சோறு தின்று இரண்டு மணிநேரம் கழித்துக் குத்தினால் 240. பகலெல்லாம் உயர்ந்து, இரவெல்லாம் இறங்கி, விடிய நல்ல பிள்ளையாக நிற்கும். சோற்றை முதன்மையாகத் தின்னும் ஊரில் சாப்பிட்டு இரண்டு மணிநேரத்தில் எடுக்கும் எண்தான் கூடுதலாகப் பேசும். வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால், ஒரே நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணிநேரம் கழித்து ஒன்று. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 50க்குள் நின்றால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாம்பழம் வெட்டிய கையோடு குத்தினால் 300 கூடக் காட்டும்; கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். ஸ்ரிப் போத்தலைத் திறந்து வைத்தால் நம் கடற்கரை ஈரப்பதனுக்கு அது கெட்டுவிடும். பிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. மீற்றரின் எண் லாப் எண்ணிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து கூடலாம், குறையலாம். 138க்கும் 149க்கும் இடையில் அர்த்தம் தேடி அலைய வேண்டாம்.

காத்திருக்கக் கூடியவர், கூடாதவர்

எச்.பி.ஏ.1.சி. 6.5க்கும் 7.5க்கும் இடையில், மெலிவோ தாகமோ இல்லை, கர்ப்பம் இல்லை, கண்ணிலும் சிறுநீரிலும் பாதிப்பு இல்லை, உண்மையிலேயே சாப்பாட்டை மாற்றக் கூடியவர்: இவர் மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு மாதம், குளிசையில்லாமல் முயலலாம். வைத்தியரிடம் சொல்லிவிட்டு, அடுத்த சோதனைக்குத் திகதி குறித்துக்கொண்டு முயல வேண்டும். திகதி இல்லாத முயற்சி இரண்டு வருடம் கழித்துக் கால் புண்ணோடு வந்து நிற்கும்.

7.5இலிருந்து 9 வரை உள்ளவர் சாப்பாட்டையும் மாற்றி, மெட்போமின் என்ற சீனிக் குளிசையையும் தொடங்குவதே சரி. உணவு நன்றாக வேலை செய்தால் குளிசையைப் பிறகு குறைக்கலாம், குறைக்கிறார்கள்.

9ஐத் தாண்டினால் பெரும்பாலும் இரண்டு மருந்து தேவைப்படும். 10க்கு மேல், வெறும் வயிற்றுச் சீனி 250, 300 என்று நின்று ஆளும் மெலிந்துகொண்டு போனால் முதலிலேயே இன்சுலின் ஏற்றச் சொல்வார்கள். அதைக் கேட்டவுடன் வீடே இடிந்து போய்விடும். ஆனால் இந்த இன்சுலின் பலருக்குச் சில வாரம், சில மாதத்துக்குத்தான். சீனி மிகக் கூடி நிற்கும்போது அந்தக் கூடுதலே சதையியை மயக்கி வைத்திருக்கும். இறக்கிவிட்டால் அது ஓரளவு எழும்பும், பிறகு குளிசைக்கு மாறலாம். இந்த நிலையில் உள்ளவர் பாவற்காய்ச் சாற்றோடு மூன்று மாதம் பார்ப்பது ஆபத்து. வாந்தி, வயிற்று நோவு, மூச்சு இழுப்பு, தூக்கக் கலக்கம் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஒல்லியான ஆள், முப்பது நாற்பது வயது, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, வேகமாக மெலிகிறார் என்றால் அது முதலாம் வகையாகவோ வேறு சதையி வருத்தமாகவோ இருக்கலாம். அங்கே சோறு குறைப்பது பற்றிய பேச்சே பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு எண்களும் வேறு, விதியும் வேறு.

கால் சுண்டு அரிசி

உணவு முயற்சி தோற்பது பெரும்பாலும் மன உறுதி இல்லாததால் அல்ல, அளவு தெரியாததால். “நான் இப்ப கொஞ்சம்தான் தின்னுறன்” என்பவரின் கோப்பையைத் தராசில் வைத்தால் 400 கிராம் சோறு இருக்கும். சமைத்த சோறு 100 கிராமில் 28 கிராம் அளவு மாப்பொருள். ஆக, 400 கிராமில் 110 கிராமுக்கு மேல். மாப்பொருள் முழுவதும் வயிற்றுக்குள் குளுக்கோசாகத்தான் முடியும். ஐந்து கிராம் கொள்ளும் தேக்கரண்டிக் கணக்கில் அது இருபத்திரண்டு கரண்டி. இதைத் தின்றுவிட்டுத் தேத்தண்ணியில் சீனியை விட்டுவிட்டோம் என்று திருப்திப்படுகிறவர்கள் அனேகம்.

வீட்டில் அளக்க எளிய வழி சுண்டு. ஒரு சுண்டு அரிசி 200 கிராம் வரும். ஒருவருக்கு ஒரு நேரத்துக்குக் கால் சுண்டு, அதாவது 50 கிராம் அரிசி. அவிந்தால் 130, 140 கிராம் சோறு. தேத்தண்ணிக் கோப்பையில் தட்டாமல் நிரப்பினால் ஒரு கோப்பை. மாப்பொருள் 40 கிராம் அளவில் நிற்கும். வீட்டில் நாலு பேர் என்றால் சீனிக்காரரின் பங்குக்குக் கால் சுண்டு என்று கணக்கிட்டு உலையில் போட வேண்டும். பானையில் மிச்சம் இருந்தால் அது கோப்பைக்கு வராமல் இருக்காது.

கால் சுண்டுச் சோறு வயிற்றுக்குப் போதாது, உண்மை. மிச்ச இடத்தை நிரப்ப நம் ஊரில் பஞ்சமில்லை: பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கை இலைச் சுண்டல், கத்தரி, பயற்றங்காய், வெண்டி, பாவற்காய், புடோல். சாப்பாட்டுக் கோப்பையின் பாதி இவை. கால்வாசி மீன், முட்டை அல்லது கோழி. மீன் ஆணத்தில் இரண்டு துண்டாவது இருக்கட்டும். பொரியலைவிட ஆணம் நல்லது. கடைசிக் கால்வாசிதான் சோறு. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வத்தாளை, பிலாக்கொட்டை இவற்றை மரக்கறிப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அவை சோற்றின் கணக்கு. பருப்பு இரண்டும் கெட்டான். அரைத் தேத்தண்ணிக் கோப்பைக்கு மேல் வேண்டாம். இன்னொரு சின்ன வித்தை: சுண்டலையும் மீனையும் முதலில் பாதி தின்றுவிட்டுச் சோற்றில் கை வைப்பது. அதே சாப்பாடு, அதே அளவு, ஆனால் சீனி ஏறும் உயரம் குறைகிறது.

நாட்டுச் சிவப்பரிசிக்கு ஒரு மரியாதை உண்டு. தவிடு இருப்பதால் சீனி சற்று மெதுவாக ஏறும். மாப்பொருளின் அளவில் அது வெள்ளை அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம். “சிவப்பரிசிதானே” என்று இரண்டு கோப்பை கூடப் போடுபவர் வெள்ளை அரிசிக்காரரைவிட மோசமாகப் போவார். குரக்கனும் அப்படியே: 100 கிராம் மாவில் 70 கிராமுக்கு மேல் மாப்பொருள். குரக்கன் றொட்டி ஒன்று பரவாயில்லை. நன்றாக அரித்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் மெல்லுவதற்கே வேலையில்லாமல் சரசரவென்று ஏறும்.

பாண் பற்றி ஒரு வரி. ஒரு றாத்தல் பாண் 450 கிராம். கால் றாத்தலில் 55 கிராம் அளவு மாப்பொருள், ஏறக்குறைய ஒன்றேகால் தேத்தண்ணிக் கோப்பைச் சோற்றுக்குச் சமம். இரவுக்குச் சோற்றை விட்டுப் பாணுக்கு மாறுவது மாற்றமே அல்ல. புட்டும் இடியப்பமும் அரிசி மாதான். இடியப்பம் வீட்டுக்கு வீடு அளவு மாறும்; உங்கள் உரலில் பிழிந்ததை ஒருதரம் கடைத் தராசில் வையுங்கள், நிறையில் மூன்றில் ஒரு பங்கை மாப்பொருள் என்று எடுத்துக்கொண்டால் பெரிதாகப் பிழைக்காது.

தயிரை வீணாகக் குற்றஞ்சாட்டுகிறோம். சட்டித் தயிர் 100 கிராமில் நாலைந்து கிராம்தான் சீனி. கொழுப்புக் கூட, அதனால் நாலைந்து கரண்டியோடு நிறுத்த வேண்டும். வில்லங்கம் அதன்மேல் ஊற்றும் பாணியில் இருக்கிறது: ஒரு மேசைக்கரண்டிக் கித்துள் பாணியில் 13, 14 கிராம் சீனி. பனங்கட்டி, கருப்பட்டி, தேன் எல்லாம் பெயர்தான் வேறு. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் அது மட்டுமே 40, 50 கிராம். முதல் கிழமையில் வெட்ட வேண்டியது இதைத்தான். ரின் பால் போட்ட தேத்தண்ணிக்குக் கரண்டிக் கணக்கே கிடையாது; அந்தப் பாலில் பாதிக்கு மேல் சீனி. 2016இலிருந்து நம் நாட்டில் சோடாப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள். மஞ்சள் என்றால் சீனிக்காரருக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை.

கலியாண வீடுதான் கடினம். காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் சஹனில் நாலைந்து பேர் சேர்ந்து தின்னும்போது யாருடைய பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இறைச்சியையும் சலாட்டையும் உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு மெதுவாகத் தின்பதைத் தவிர வேறு வழியில்லை. வட்டிலப்பம் ஒரு கரண்டி. “இண்டைக்கு ரெண்டு குளிசையாப் போடுவம்” என்பது வேலைக்காகாது. மெட்போமின் அந்தச் சாப்பாட்டுக்காக ஓடிவந்து வேலை செய்யும் மருந்தல்ல. நாள்தோறும் எடுத்து ஒன்றிரண்டு கிழமையில்தான் அதன் முழுப் பலன் தெரியும்.

எடை என்ற பெரிய சாவி

உணவு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நல்ல சான்று 2017இல் வெளியான பிரித்தானிய ஆய்வு. வருத்தம் வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்ட, இன்சுலின் எடுக்காத, எடை கூடிய 306 பேர். ஒரு பாதியினருக்குச் சீனிக் குளிசையையும் பிறசர் குளிசையையும் நிறுத்தி, மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்களில் நூற்றுக்கு 46 பேர் மருந்தில்லாமல் எச்.பி.ஏ.1.சி. 6.5க்குக் கீழே நின்றார்கள். 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86. இரண்டாம் வருடம் மொத்தத்தில் 36 ஆனது. எடை திரும்பியவர்களுக்குச் சீனியும் திரும்பியது.

ஈரலிலும் சதையியிலும் படிந்த கொழுப்பு வடிந்தால் கலங்கள் மீண்டும் வேலை தொடங்குகின்றன. அதுதான் உள்ளே நடப்பது. நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக்குள் கொழுப்புப் படியும். அதனால்தான் ஆசியர்களுக்கு உடற் திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் என்கிறார்கள்; இடுப்புச் சுற்று ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர். 165 சென்ரிமீற்றர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒருவர் ஊர்க் கண்ணுக்குக் குண்டர் இல்லை. அவரது சுட்டி 25.7. அவர் 15 கிலோ குறைக்க வேண்டியதில்லை. 7 கிலோ, பத்தில் ஒரு பங்கு, குறைத்தாலே பெரிய மாற்றம் தெரியலாம். கிழமைக்கு அரைக் கிலோ என்றால் பதினான்கு கிழமை, மூன்று மாதத்துக்குச் சற்று மேல். முன்பு சொன்ன மூன்று மாத அவகாசம் இந்தக் கணக்குக்கு ஓரளவு பொருந்துகிறது.

இதே காரணத்தால், வயிறும் இல்லாமல் எடையும் இல்லாமல் படுவான்கரை வயலில் வேலை செய்யும் ஒல்லியான விவசாயிக்குச் சீனி வந்தால், அவரிடம் குறைக்க ஒன்றும் இல்லை. அவருக்கு மருந்துதான் முதல் வழி. அவரைப் போய்ச் சோற்றைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டேயிருப்பது அநியாயம். வயலில் நிற்பவரின் சோற்றை அளவாக்கலாம், ஆனால் பட்டினி போட முடியாது.

எடை குறையாவிட்டாலும் நடை பலன் தரும். சாப்பிட்ட அரை மணிநேரத்துக்குள் பத்துப் பதினைந்து நிமிடம், முற்றத்துக்குள்ளேயே சுற்றினாலும் போதும். தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோசை இழுக்கும்.

மெட்போமின் மீது ஒரு வழக்கு

“அது கிட்னியப் பழுதாக்கும்.” இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது விளங்கக் கூடியதே. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினால் வைத்தியர் மெட்போமினைக் குறைப்பார். வடிகட்டும் வேகம் 45க்குக் கீழே போனால் பாதியாக்குவார், 30க்குக் கீழே நிறுத்துவார். பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் “அந்தக் குளிசையாலதான் கிட்னி போச்சுது, அதான் நிப்பாட்டிட்டாங்க” என்று முடிவுகட்டுகிறது. நிறுத்துவது, பழுதான சிறுநீரகம் மருந்தை வெளியேற்ற முடியாமல் உடலில் தேங்கி இரத்தம் அமிலமாகக் கூடும் என்பதால். சிறுநீரகத்தைக் கெடுத்தது வருடக்கணக்கில் கூடி நின்ற சீனியும் பிறசரும்.

உண்மையான தொல்லை வயிற்றில்: ஓங்காளம், வயிற்றுப் பொருமல், வயிற்றோட்டம். அதற்குத்தான் மெதுவாக ஏற்றுவது. இரவுச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராம் ஒன்று, ஒரு கிழமை. ஒத்துக்கொண்டால் காலையிலும் ஒன்று. பிறகு தேவைக்கு ஏற்ப, பொதுவாக நாளுக்கு 2000 வரை. சாப்பாட்டின் நடுவிலோ முடிவிலோ விழுங்க வேண்டும். அப்படியும் வயிறு கேட்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள். அதை உடைத்தோ அரைத்தோ விழுங்கக் கூடாது. வருடக்கணக்கில் எடுப்பவருக்கு விற்றமின் பீ12 குறையலாம். கால் விறைப்பைச் சீனி என்றே நினைத்துக்கொண்டிருப்போம், சில வேளை அது இந்தக் குறைபாடாக இருக்கும். டெங்குக் காய்ச்சலோ வாந்தி வயிற்றோட்டமோ வந்து தண்ணீர் தங்காத நாட்களில் மெட்போமினை நிறுத்தி வைத்து, வைத்தியரிடம் காட்ட வேண்டும். சாயம் ஏற்றி சீ.ரி. ஸ்கான் எடுக்கும்போதும் இதை எடுப்பதாகச் சொல்ல வேண்டும்.

கிளிக்கிளசைட்டும் குறைத்த சோறும்

உணவும் குளிசையும் மோதிக்கொள்ளும் இடம் இதுதான். மெட்போமின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்கிளசைட் என்ற சீனிக் குளிசை அப்படியல்ல, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சதையியை இன்சுலின் சுரக்க வைக்கும். கிளிக்கிளசைட் எடுத்துக்கொண்டிருப்பவர் ஒருநாள் மனம் திரும்பிச் சோற்றைப் பாதியாக்கினால், பதினொரு மணிக்கு வியர்வையும் நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் வரும். வயல் வெட்டுக் காலத்தில் வட்டைக்குள் நின்று சாப்பாடு பிந்தும்போதும் இதுவே. கதிர்காமத்துக்கு உகந்தையிலிருந்து காட்டுவழியே நாட்கணக்காக நடப்பவர்களுக்கும் இதுவே: நடை பல மடங்கு, சாப்பாடு அன்னதானத்தைப் பொறுத்தது, குளிசை மட்டும் பழைய அளவு. யாத்திரைக்கு முதல் கிழமையே கிளினிக்கில் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சீனி 70க்குக் கீழே என்றால், அல்லது மீற்றர் இல்லாமல் அறிகுறி மட்டும் இருந்தால்: மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் பொறுத்து மீண்டும் குத்த வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு தரம். ஏறிய பிறகு பாண் துண்டோ சோறோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி விழும். சொக்லேட் வேண்டாம், கொழுப்பு அதை மெதுவாக்கும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். எழும்பி உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்தின் வேலை முடியாததால் சில மணிநேரத்தில் திரும்பவும் இறங்கும். கிளிபென்கிளமைட் என்ற பழைய மருந்து இதில் இன்னும் மோசம். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் கையில் அது இருந்தால் மாற்றும்படி கேட்பது நியாயம்.

எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை. இருதயம் பலவீனமானவருக்கும் சிறுநீரில் புரதம் போகிறவருக்கும் சீனி எவ்வளவு என்று பாராமலே கொடுக்கப்படுபவை. அவர்களுக்கு “சாப்பாட்டால குறைச்சிட்டன்” என்பது நிறுத்தக் காரணமாகாது. மறைவிடத்தில் பூஞ்சைக் கடி வரலாம். விரதமிருக்கும்போதும், சோற்றை அறவே விட்டபோதும், வாந்தி வரும்போதும் இவற்றை எடுத்தால் சீனி பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு.

நோன்பும் விரதமும் வரும்போது

றமழான் நோன்பு, கந்தசஷ்டி, கேதாரகௌரி. மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு நேரத்தை மாற்றினால் போதும்: பெரிய பங்கு நோன்பு திறக்கும்போது, சிறியது விடியமுன் சாப்பிடும் சஹருக்கு. கிளிக்கிளசைட்டின் காலை அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, சஹர் அளவைக் குறைப்பார்கள் அல்லது விடுவார்கள். இதை வீட்டில் தீர்மானிக்கக் கூடாது, ஒரு மாதம் முன்பே கேட்க வேண்டும். விரல் குத்திப் பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே உலமாக்களின் பொதுவான கருத்து. 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட வேண்டும். கந்தசஷ்டியில் ஆறு நாளும் இளநீரோடு இருப்பவர் இளநீரிலும் சீனி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது: ஒன்றில் பத்துக் கிராம் அளவு. குளிசை எடுப்பவருக்கு அது காப்பு, எடுக்காதவருக்கு அது கணக்கு.

இலையும் காயும்

குறிஞ்சா, பாவற்காய், கொவ்வை இலை. கொவ்வை இலை சீனியை ஓரளவு இறக்கும் என்று இலங்கையில் நடந்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. சுண்டலாகத் தின்பது நல்லதுதான். சோற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். 9இல் நிற்கும் எச்.பி.ஏ.1.சி.ஐ இறக்க அது போதாது. பயப்பட வேண்டியது இரண்டு காய்களின் சாறு: பிலிம்பிக்காயும் (விளிம்பிக்காய்), காமரங்காயும். சீனிக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் கிளாஸ் கணக்கில் குடித்து, அதிலுள்ள ஒக்சலேற் சிறுநீரகத்தில் படிந்து, சில நாளில் சிறுநீரகம் நின்றுபோன நோயாளிகள் வைத்திய சஞ்சிகைகளில் பதிவாகியிருக்கிறார்கள். கறியில் போட்ட ஓரிரண்டு காய்க்கும் ஒரு கிளாஸ் சாற்றுக்கும் நிறைய வித்தியாசம்.

மூன்றாம் மாதம்

குளிசையில்லாமல் உணவு முயற்சி மட்டும் செய்தவருக்கு: எச்.பி.ஏ.1.சி. 6.5க்குக் கீழே வந்தால் தொடரலாம், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம். 7க்கு மேல் நின்றால் மெட்போமினைத் தொடங்க வேண்டும். இடையில் இருந்தால் எடை குறைந்துகொண்டு வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் இன்னும் மூன்று மாதம் கேட்கலாம். இதைத் தோல்வி என்று எடுக்க வேண்டாம். முதல் வருடங்களில் சீனியைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குப் பத்து வருடம் கழித்தும் பாதிப்புக் குறைந்திருந்தது என்பதை 1998 ஆய்வின் தொடர்ச்சி 2008இல் காட்டியது. காலம் தாழ்த்தியதைப் பிறகு ஈடுசெய்ய முடிவதில்லை.

குளிசையோடு தொடங்கி, எடையும் குறைந்து, சீனியும் இறங்கியவர் மருந்தைக் குறைக்கும்படி தானாகவே கேட்கலாம். முதலில் குறைவது இன்சுலினும் கிளிக்கிளசைட்டும், மெட்போமின் கடைசி. கொலஸ்ரோல் குளிசையும் பிறசர் குளிசையும் இந்தக் கணக்கில் வராது. அவை சீனிக்காக எழுதப்பட்டவை அல்ல, நெஞ்சுக்கும் மூளைக்கும் சிறுநீரகத்துக்குமாக எழுதப்பட்டவை. எல்லாம் ஒரே கடதாசி உறைக்குள் வருவதால் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிடுகிறார்கள்.

எல்லா மருந்தும் நின்று மூன்று மாதத்தின் பின்னும் 6.5க்குக் கீழே நின்றால் அதைத் தணிவு என்பார்கள். குணம் என்று சொல்வதில்லை. கிளினிக்கில் பெயரை வெட்ட வேண்டாம். வருடத்துக்கு ஒரு தரம் கண்ணின் உட்திரை, சிறுநீரில் அல்புமின், கிரியற்றினின், கால் உணர்ச்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பத்துக் கிராம் நைலோன் நூலால் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தொடுகையை உணராதவர் பாண்டிருப்புத் தீப்பள்ளயத்தில் தீ மிதிக்க நேர்த்தி வைத்திருந்தால், இறங்குவதற்கு முன் அதைக் கிளினிக்கில் சொல்லியாக வேண்டும். சுடுவது அவருக்குத் தெரியாது.